செங்கற்பட்டுச் சீமையில் தேகாப்பியாசம்

பல்லவ வேந்தர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட விருதுப் பெயர்களைக் கல்வெட்டுகளிலே படித்துப் பார்ப்பவருக்கு, அவை அந்தந்த அரசனுடைய மனோரதங்களின் ஜாபிதாவோ என்று தோன்றும். விசித்திரசித்தன் என்றும் மத்தவிலாசன் என்றும் சித்திரகாரப்புலி என்றும் தந்தை மகேந்திரவர்மன் தன்னை அழைத்துக்கொண்டான். அவனுடைய குமாரனாகிய முதலாம் நரசிம்மவர்மனோ, கலைகளின் பெயரால் அல்லாமல் தோள்வலியின் பெயரால் விளங்க விரும்பி, மகாமல்லன் என்ற விருதை ஏற்றான். ஏழாம் நூற்றாண்டில் அவன் ஏற்ற அந்த விருதே செங்கற்பட்டுக் கடற்கரையிலுள்ள துறைமுகப் பட்டினத்துக்கும் பெயராகி, இன்றுவரை மாமல்லபுரம் என்று வழங்கி வருகிறது. அவன் மெய்யாகவே கோதாவில் இறங்கி மல்லர்களை வீழ்த்தினானா, அல்லது அரசவைப் புலவர்களின் உபசார மொழிதானா என்று விசாரிப்பதில் அதிகப் பயன் இல்லை. மல்லன் என்று அழைக்கப்படுவதை ஒரு சக்கரவர்த்தி கௌரவமாகக் கருதினான் என்பதும், ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றபின் இரண்டாம் நந்திவர்மனும் பல்லவமல்லன் என்று பெயர் பூண்டான் என்பதும், சரீர பலத்துக்கு அக்காலத்து உயர்ந்தோர் சபையில் இருந்த மதிப்பைக் காட்டப் போதுமானவை.

அந்தப் பட்டினத்துப் பாறைகளைச் செதுக்கியவர்கள் மனித உடலின் அசைவை எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள் என்பதை மகிஷமர்த்தினி குகையில் காணலாம். சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லை வளைக்கும் தேவியின் உடல் முன்னோக்கிப் பாய்வதாகவும், எருமைத் தலையோடு கதையைப் பற்றி நிற்கும் அசுரனின் உடல் பின்னோக்கிச் சாய்ந்தும் இன்னும் தோல்வியை ஒப்புக்கொள்ளாததாகவும் அமைந்திருப்பதை, பளு எந்தக் காலில் நிற்கிறது என்று அறிந்த சிற்பியே செய்திருக்க முடியும். அர்ஜுனன் தபசு என்று பெரும்பாலோர் சொல்லும் பெரும்பாறையில், ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திய தவசியின் கோலத்தை, இன்று பள்ளிக்கூடத்து யோகாசன வகுப்புப் பிள்ளைகள் விருட்சாசனம் என்று செய்து காட்டுகிறார்கள். அருகில் அதே கோலத்தில் ஒரு பூனையும் நிற்கிறது. எலிகள் அதை நம்பிவிட்டன. ஆனால் இவற்றைக் கண்டு, பல்லவர் காலத்திலேயே உடற்கல்விப் பாடத்திட்டம் இருந்தது என்று சொல்லிவிடுவது அதிகப் பிரசங்கம். உடலை வருத்தி வரம் பெறுவது தவசியின் நோக்கம். மார்பை அகலப்படுத்துவது அல்ல.

தேகாப்பியாசம் என்று நாம் இன்று சொல்வதற்கு நெருங்கிய வித்தைகள் கிராமத்தில் வேறு விதமாக வளர்ந்தன. சிலம்பம், மல், கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி ஆகியவற்றை ஊர்ப்புறத்துத் தோப்பிலோ, மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய கோதாவிலோ வாத்தியார் ஒருவர் சொல்லிக் கொடுப்பார். வணக்கம் செய்து கம்பைத் தொடுவது முதற்பாடம். கால்மானம் என்னும் அடிவைப்பு அதற்கு அடுத்தது. கம்பு சுழற்றுவது வெகுநாள் கழித்து வரும். சீடனுடைய காலைப் பார்த்தே கையைத் திருத்துவது அந்த வாத்தியார்களின் முறை. இந்த வித்தைக்கு ஏடு இல்லை. விதிகள் வாத்தியாருடைய நாவிலும் சீடனுடைய முழங்காலிலும் இருந்தன. ஆகையினாலேயே அது எல்லோருக்கும் கிட்டவும் இல்லை. யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பதைக் குலமும் தெருவும் நிர்ணயித்தன. பெண்கள் வேடிக்கை பார்ப்பவர்களாக நின்றார்கள். பழைய வித்தைகளின் பெருமையைப் பாடுகிறவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம், அப்படிச் செய்யலாகாது. கரையோரத்து மீனவருக்கோ தனியாக ஒரு அப்பியாசமே வேண்டியிருக்கவில்லை. கரைவலையின் கயிற்றை இரு பக்கமும் வரிசையாகப் பற்றி, குதிகாலை மணலில் ஊன்றி, உடல் முழுவதையும் பின்னுக்குச் சாய்த்து ஒரே சுருதியில் இழுப்பதும், அலை உடையும் இடத்தைக் கட்டுமரத்தோடு கடப்பதும் அவர்களுக்கு அன்றாடத் தொழில்.

பள்ளிக்கூடம் இந்த வித்தைகளைத் தேடிப் போகவில்லை. 1882-ஆம் ஆண்டில் ஹண்டர் தலைமையில் கூடிய கல்விக் கமிஷன், சுதேச விளையாட்டுகளையும் ஜிம்னாஸ்டிக்ஸையும் டிரில்லையும் அந்தந்தப் பள்ளியின் நிலைக்கு ஏற்ப ஊக்குவிக்க வேண்டும் என்று சிபார்சு செய்தது உண்மையே. நடைமுறையில் சுதேச விளையாட்டு பின்தங்கி, டிரில் மட்டும் முன்னே வந்து நின்றது. ஸ்வீடன் தேசத்தில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்தாபித்த கலாசாலையிலிருந்து பரவிய அங்க அசைவு முறை, இங்கிலாந்தின் பட்டாளத்துக்கும் பள்ளிகளுக்கும் போய், அங்கிருந்து சென்னை ராஜதானியின் பள்ளிக்கூட முற்றங்களுக்கு வந்து சேர்ந்தபோது, அதைக் கற்பிக்கப் பட்டாளத்தில் உபகாரச் சம்பளம் பெற்று ஓய்ந்தவர்களே பெரும்பாலும் கிடைத்தார்கள். டிரில் மாஸ்டர் என்று பிள்ளைகள் அழைத்த அவர்களுக்கு இங்கிலீஷில் தெரிந்தவை பத்துப் பன்னிரண்டு கட்டளைகள். அவற்றின் அர்த்தம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் கிடையாது. கையை உயர்த்து, இறக்கு, திரும்பு, நில் என்பதற்குமேல் அந்த அப்பியாசத்தில் களிப்பு என்பதற்கு இடமில்லை.

இந்த விவகாரத்தில் வேடிக்கையான சங்கதி ஒன்று உண்டு. நம் நாட்டுப் பயில்வான்கள் சுழற்றிய கர்லாக்கட்டையைக் கண்டு அதிசயித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதைச் சீமைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது இளைத்து, கைக்கு அடக்கமாகி, சீமாட்டிகளும் சுழற்றும்படி மெருகேறியது. அமெரிக்காவிலும் பரவி, 1904-லும் 1932-லும் ஒலிம்பிக் பந்தயத்திலேயே ஒரு போட்டியாக இடம்பெற்றது. பிறகு அந்த மெலிந்த கட்டை, டிரில் மாஸ்டரின் சாமான் பெட்டியில் ஏறி, மேல்நாட்டுப் புதுமையாக நம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்தது. பக்கத்துத் தெருத் தோப்பில் அதன் பாட்டன் இருப்பதை அந்தப் பள்ளிக்கூடம் கவனிக்கவில்லை.

இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், வாலிபக் கிறிஸ்தவ சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கலாசாலையில் கற்றவர் அவர். அந்தக் கலாசாலையிலேதான் 1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித், குளிர்காலத்தில் மாணாக்கர் கட்டடத்துக்குள்ளேயே ஆடுவதற்காகக் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, அதே சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மார்கன் ஹோலியோக் நகரில் கைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்தார். விளையாட்டை ஒருவன் உட்கார்ந்து யோசித்து, விதி எழுதி, அச்சிட்டு உலகெங்கும் அனுப்பலாம் என்ற எண்ணம் அந்த இடத்தில் வேரூன்றியிருந்தது. அந்த எண்ணத்தோடு 1919-இல் சென்னைக்கு வந்த பக், மறு ஆண்டில் உடற்பயிற்சி ஆசிரியர்களைத் தயாரிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது என்று அது பேசப்படுகிறது. நகருக்குள் இடம் மாறி மாறி நடந்த அந்தப் பள்ளி, 1930-களின் தொடக்கத்தில் அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டை எல்லையிலுள்ள விசாலமான மைதானத்தில் நிலைபெற்றது. அந்த இடத்தை இன்று சென்னை நந்தனம் என்கிறோம். சைதாப்பேட்டையோ அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது மட்டுமல்ல, ஜில்லாக் கலெக்டர் கச்சேரியே நெடுங்காலம் அங்கேதான் இருந்தது. 1968-இல்தான் அந்தக் கச்சேரி காஞ்சீபுரத்துக்குப் போயிற்று. ஆகவே தென்னாட்டு உடற்கல்வியின் தாய்வீட்டைச் செங்கற்பட்டுச் சீமையின் சரித்திரத்தில் சேர்ப்பதற்குச் சென்னைவாசிகள் ஆட்சேபிக்க நியாயமில்லை.

பக் டிரில்லை அடியோடு விலக்கிவிடவில்லை. ஆனால் அதைத் தலைவாசலிலிருந்து எடுத்துத் திண்ணையில் வைத்தார். மாணாக்கன் உடலை அசைப்பதற்குக் கட்டளையைவிடக் களிப்பே சிறந்த காரணம் என்பது அவருடைய சித்தாந்தம். டிரில் மாஸ்டரின் ஸ்தானத்தில், உடற்கூறும் சுகாதாரமும் படித்த, எந்த விளையாட்டையும் நடத்தித் தீர்ப்புச் சொல்லத் தெரிந்த ஆசிரியன் ஒருவன் நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அப்படிப்பட்டவர்கள் அந்த மைதானத்திலிருந்து ராஜதானியின் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பரவினார்கள். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்தியா அனுப்பிய தடகள வீரர்களுக்கு மானேஜராகச் சென்றவரும் அவரே. சென்னை ராஜதானியைச் சேர்ந்த சி. கே. லட்சுமணன் அந்தக் குழுவில் தடை தாண்டும் ஓட்டத்தில் கலந்துகொண்டார். 1943-இல் பக் காலமாகும்வரை அந்தக் கலாசாலையே அவருக்கு உலகமாக இருந்தது.

என் அபிப்பிராயத்தில் அவருடைய காரியங்களில் நீண்ட பலன் தந்தது, கட்டடமும் மைதானமும் அல்ல, விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட புத்தகம். கூடைப்பந்து, கைப்பந்து முதலிய மேல்நாட்டு ஆட்டங்களோடு சடுகுடுவுக்கும் பூப்பந்துக்கும் அது இடங்கொடுத்தது. அச்சுப் புத்தகத்தில் கால்பந்துக்குச் சமமாகச் சடுகுடு வந்து நிற்பதைக் கண்ட பட்டணத்துப் பிள்ளைக்கு, அது மாடு மேய்ப்பவர்களின் ஆட்டம் என்ற இளக்காரம் சிறிதாவது குறைந்திருக்கும்.

அறுவடை முடிந்த கழனியிலும் பாலாற்று மணலிலும் ஆடிய சடுகுடுவுக்கு ஊருக்கு ஊர் சட்டம் வேறு. வந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் ஆடுவார்கள். சமபலமுள்ள இருவர் தோளில் கைபோட்டு ஒதுங்கிப் போய் ஆளுக்கொரு இரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, எந்தப் பெயர் வேண்டும் என்று தலைவர்களைக் கேட்டு உத்தி பிரிப்பார்கள். கட்சி பிரிப்பதில் இதைவிடப் பாரபட்சமற்ற முறையை எந்தச் சங்கமும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பாடிப் போகிறவன் தனக்குப் பிடித்த பாட்டைப் பாடலாம். தொடப்பட்டவன் செத்தான், அவனுடைய கட்சிக்காரன் எதிரி ஒருவனைத் தொட்டுத் திரும்பினால் செத்தவன் பிழைத்தான். மூச்சு விட்டானா இல்லையா என்ற வழக்கு, வரப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் போகும். அவர் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை.

இதேபோல மராட்டிய நாட்டில் ஹுதுதுவும், வங்கத்தில் ஹாடுடுவும் தத்தம் வழியில் ஆடப்பட்டு வந்தன. ஒரு நாட்டு ஆட்டக்காரன் மற்றொரு நாட்டானோடு ஆட வேண்டுமானால் ஒரே சட்டம் வேண்டும் அல்லவா? 1923-இல் பரோடாவில் விதிகள் அச்சாயின. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து சென்ற குழுவினர் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினர். 1950-இல் அகில இந்தியக் கபடி சம்மேளனம் அமைந்தது. 1990-இல் பீஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. கட்சிக்கு ஏழு பேர், ஆடவருக்குப் பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளம், இருபது நிமிஷங்களாக இரண்டு பாதி என்று எல்லாம் திட்டமாயின. பாடிப் போகிறவன் கபடி என்ற ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். முப்பது விநாடிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று கடிகாரமும் வந்து சேர்ந்தது. இந்தக் கடைசி விதியைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு மனக்குறை. மூச்சின் நீளமே ஆட்டத்தின் எல்லையாக இருந்தபோது, மெலிந்த தேகமும் நீண்ட மூச்சும் உடைய பையன் ஒருவன் முரடர்களின் கட்சியைத் திணறடித்தான். கடிகாரம் அவனுடைய மூலதனத்தைப் பறிமுதல் செய்துவிட்டது. ஆனாலும் சடுகுடு எழுதப்பட்டிராவிட்டால், கிட்டிப்புள்ளைப் போல அதுவும் பாட்டனாரின் ஞாபகத்தோடு நின்றிருக்கும். சிலம்பம் வெகுகாலம் எழுதப்படாமல் இருந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சிப் போட்டியாக இடம்பெறுவதற்குள், எத்தனையோ வாத்தியார்களின் கால்மானம் அவர்களோடு போய்விட்டது.

பிற்பட்ட செய்திகளைச் சுருக்கிச் சொல்லலாம். 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்து, காட்டின் நடுவே விஸ்தாரமான ஆடுகளங்களைப் பெற்றது. 2005-இல் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் செயற்படத் தொடங்கி, வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் பாதையில் மேலக்கோட்டையூரில் இடங்கொண்டது. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது அதுவும் இம்மாவட்டத்துக்கு உரியதாயிற்று. 2022-இல் நாற்பத்து நான்காவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றது. மகாமல்லன் பெயர் கொண்ட ஊரில் உலகத்தார் கூடி ஆடிய பெரும் போட்டி, விரல்களுக்கு மேல் உடம்பின் எந்த அங்கத்துக்கும் வேலை இல்லாத ஆட்டமாக அமைந்தது விதியின் குறும்பு.

கரையோரத்துக்கு எழுத்து விதி கடைசியாக வந்தது. கோவளத்து மீனவ இளைஞரான மூர்த்தி மேகவன், அலைச்சறுக்குப் பலகையில் ஏறக் கற்று, தம் குப்பத்துப் பிள்ளைகளையும் பழக்கி, அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி உருவாகக் காரணமானார். 2023-இல் சர்வதேசப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் மாமல்லபுரத்தில் நடந்தன. கட்டுமரத்தில் பாட்டனார் தாண்டிய அதே உடைப்பில், பேரன் பலகையில் எழுந்து நிற்கிறான். கரையில் மேடை போட்டு உட்கார்ந்த நடுவர்கள், அவன் ஏறிய ஒவ்வொரு அலைக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, அவற்றில் சிறந்த இரண்டைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிக்கிறார்கள். அலை எப்போது எழும், எங்கே உடையும் என்று முன்கூட்டி அறியும் கண்ணுக்குத் தனி மதிப்பெண் இல்லை. நல்ல அலையைத் தேர்ந்தெடுத்தவனுக்கு அது தானே இருபதுக்குள் வந்து சேர்கிறது என்று அவர்கள் சொல்லலாம். குப்பத்துப் பிள்ளைகள் இதை ஆட்சேபிப்பதில்லை. அந்தக் கண்ணை அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுகிறார்கள்.