சேர் பொன்னம்பலம் இராமநாதன்: பதவியும் பயனும்

உயர்வை விழையும் உள்ளம் முதலில் நாடுவது பதவியையே. அப்பதவி எதன்பொருட்டு என்னும் வினாவுக்குச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் வரலாறு விடை பகர்கின்றது.

1851ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த இராமநாதன், 1879இல், தமது இருபத்தெட்டாம் வயதில், தாய்மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் இடத்திற் சட்டநிரூபண சபை அங்கத்தவரானார். 1892இல் சொலிசிற்றர் ஜெனரற் பதவி அவரை வந்தடைந்தது. 1911இல் படித்த இலங்கையருக்கென வகுக்கப்பட்ட ஒரே ஆசனத்தைத் தேர்தலில் வென்றார். இனிப் பெறவேண்டிய சிறப்பு யாதுமில்லை எனலாம்.

எனினும், பெற்ற சிறப்பைப் பிறர்க்குப் பயன்படுத்தியதே அவர் பெருமை. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடக்க இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சிங்களத் தலைவர் பலர் சிறையிலிடப்பட்டனர். சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அறுபத்துநான்கு வயதினராகிய இராமநாதன் சபையில் அஞ்சாது நீதி கோரினார். போர் மூண்டிருந்த காலத்திற் கடல் கடந்து இலண்டன் சென்றும் முறையிட்டார்.

கல்வித் தொண்டும் அத்தகையதே. 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியிற் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். பின்னதன் வளாகத்திலேயே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அமைந்தது.

அவர் கருத்துக்கள் யாவும் காலத்தை வென்றன அல்ல. டொனமூர் ஆணைக்குழு விதந்துரைத்த சர்வசன வாக்குரிமையை அவர் எதிர்த்தார். நாடோ அதனை ஏற்றது. எனினும், 1930இல் அவர் மறைந்தபோது அவர் வகித்த பதவிகள் பிறர்பாற் சென்றன. அவர் நிறுவிய கல்வி நிலையங்களோ மாணவர்க்கு நிலைத்தன. உயர்வு வேண்டும் இளைஞர் உளங்கொள்ளத்தக்கது இதுவேயாம்.