ஆங்கிலக் கூட்டுவினைகளின் கதை



என்னிடம் படித்து வெளியேறிய மாணவன் ஒருவன், பல ஆண்டுகளுக்கு முன்னர், எழுதுவினைஞர் பதவியொன்றுக்கு ஆங்கிலத்திலே விண்ணப்பம் எழுதினான். அனுப்பிய பின்னரே அதன் பிரதியை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். கையெழுத்து முத்துக் கோத்தாற்போல இருந்தது. இலக்கணத்திலும் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் இறுதி வாக்கியத்திலே, தன் சான்றிதழ்களைத் தயவுசெய்து ‘ஓவர்லுக்’ செய்யுமாறு வேண்டியிருந்தான். ‘லுக் ஓவர்’ என்றால் பார்வையிடுதல். ‘ஓவர்லுக்’ என்றாலோ கவனியாது விட்டுவிடுதல். தான் அரும்பாடுபட்டுப் பெற்ற சான்றிதழ்களைக் கண்டுகொள்ள வேண்டாமென்று தன் கைப்படவே எழுதிக் கொடுத்திருந்தான் அவன்.

நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வரவில்லை. இந்த ஒரு சொல்லால்தான் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை; ஆனால் அவன் அப்படித்தான் நம்பினான். “இரண்டும் அதே சொற்கள்தானே, சேர், முன்பின்னாக மாறினால் பொருள் ஏன் தலைகீழாக வேண்டும்?” என்று கேட்டான். “அது வழக்கு, மனப்பாடம் செய்துகொள்” என்றேன். அதற்குப் பின் அவன் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதத் துணியவில்லை என்று பிற்காலத்தில் அறிந்தபோது, நான் கூறிய விடை எனக்கே கசந்தது. அந்தக் கேள்விக்கு விடை உண்டு. அது இலக்கண நூலில் அன்று, சரித்திரத்தில் இருக்கின்றது. அதையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

எளிய வினைச்சொல் ஒன்றோடு ‘அப்’, ‘அவுட்’, ‘ஓவ்’, ‘ஓவர்’ போன்ற சிறுசொல் ஒன்று ஒட்டி, இரண்டும் சேர்ந்து புதுப்பொருள் தருவதைத்தான் ஆங்கிலேயர் பிரேசல் வேர்ப் என்கின்றனர். நாம் கூட்டுவினை எனலாம். ‘புட்’ என்றால் வை. ‘அவுட்’ என்றால் வெளியே. ஆனால் ‘புட் அவுட்’ என்றால் விளக்கை அணைத்தல். என் வகுப்பிலே ஒரு சிறுவனிடம் ஆங்கிலத்தில் விளக்கை அணைக்கச் சொன்னபோது, அவன் மெல்ல எழுந்து விளக்கைத் தூக்கிக் கொண்டுபோய் விறாந்தையில் வைத்தான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் கண்டால் அவன் செய்ததே சரி.

ஐந்தாம் நூற்றாண்டிலே, ஐரோப்பாவின் வடமேற்குக் கரையிலிருந்து ஆங்கிலர், சாக்சனியர் முதலிய இனத்தார் பிரித்தானியத் தீவில் வந்து குடியேறினர். அவர்கள் கொண்டுவந்த பழைய ஆங்கிலத்தில் இந்தச் சிறுசொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னே ஒட்டி நின்றன. அக்காலத்தின் எச்சங்களை நாம் இன்றும் வழங்குகிறோம்: ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘ஓவர்கம்’, ‘போர்கிவ்’, ‘வித்ஸ்டாண்ட்’. இவற்றுள் கடைசிச் சொல்லைச் சற்று உற்றுநோக்க வேண்டும். ‘வித்’ என்பதற்கு இன்று ‘உடன்’ என்று பொருள் சொல்லுகிறோம். அன்று அதன் பொருள் ‘எதிராக’ என்பது. எதிர்த்து நிற்பதே ‘வித்ஸ்டாண்ட்’. ஒருவனோடு சண்டை செய்வதை ‘பைட் வித்’ என்று சொல்லுவதிலும் அந்தப் பழைய பகைமை ஒளிந்து நிற்கின்றது.

ஆங்கிலத்தின் ஒன்றுவிட்ட சகோதரியாகிய ஜெர்மன் மொழியில் இந்தப் பழைய நிலைமையின் சாயலை இன்றுங் காணலாம். விட்டுவிடுதல் என்ற பொருளிலே அங்கே ‘ஔவ்கேபன்’ என ஒரு சொல் உண்டு. ‘ஔவ்’ என்பது மேல். ‘கேபன்’ என்பது கொடுத்தல். அகராதியில் ‘ஔவ்’ முன்னே ஒட்டி நிற்கும். வாக்கியத்தில் வந்தாலோ கழன்று கடைசியிற் போய் நின்றுவிடும். ஆங்கிலத்தில் அது முற்றாகவே கழன்று, வினைக்குப் பின்னாலேயே குடியிருந்துவிட்டது. அதுவே ‘கிவ் அப்’.

இந்த மாற்றம் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. ஒரு காரணத்தால் நிகழ்ந்ததுமன்று. பழைய ஆங்கிலத்திலே, நம் தமிழிற் போல, வினை வாக்கியத்தின் இறுதியில் வருவதும் பெருவழக்கு. வினை சிறிது சிறிதாக முன்னே நகர நகர, அதனோடிருந்த சிறுசொல் பின்தங்கிவிட்டது. 865ஆம் ஆண்டிலே தேனியரின் பெரும்படை இங்கிலாந்தில் வந்திறங்கியதும் மற்றொரு காரணம் என அறிஞர் பலர் கருதுவர். படையாக வந்தவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் குடியானவராகத் தங்கிவிட்டனர். அவர்களுடைய நோர்ஸ் மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு; ஆனால் அதில் முன்னொட்டுகள் பெரும்பாலும் தேய்ந்துபோய், சிறுசொல்லை வினைக்குப் பின்னே வைக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. அயல்வீட்டாரோடு பேசிப் பேசி ஆங்கிலருக்கும் அது பழகிப்போயிருக்கும். இன்று கூட்டுவினைகளிலே ஓயாது உழைக்கின்ற ‘டேக்’, ‘கெட்’ என்னும் இரு வினைகளும் நோர்ஸ் தந்தவையே. எடுத்தலுக்கு ஆங்கிலரிடம் ‘நிமன்’ என்று சொந்தச் சொல் ஒன்று இருந்தது. வந்த சொல் அதை வழக்கிலிருந்தே வெளியேற்றிவிட்டது.

பீற்றர்பரோ என்ற ஊரின் மடத்திலே துறவிகள் ஆண்டுதோறும் நிகழ்ந்தவற்றை எழுதிவைத்த குறிப்பேடு ஒன்று உண்டு. அது 1154ஆம் ஆண்டுடன் நின்றுவிடுகின்றது. அதன் கடைசிப் பக்கங்கள் ஸ்டீபன் மன்னனுடைய காலத்துக் கொடுமைகளைச் சொல்லுவன. 1139இல் மன்னன், சாலிஸ்பரி ஆயர் ரோஜரையும் அவர் மருமகனான லிங்கன் ஆயர் அலெக்சாந்தரையும் பிடித்துச் சிறையில் அடைத்தான். தம் கோட்டைகளை ஒப்படைக்கும்வரை அவர்கள் சிறையிலேயே கிடந்தார்கள். ஒப்படைத்தார்கள் என்று சொல்லுதற்கு அந்தத் துறவி எழுதிய சொற்கள், இன்றைய உருவிற் சொன்னால், ‘கிவ் அப்’ என்பதே. இத்தகைய கூட்டுவினை ஆங்கில எழுத்திலே தெளிவாகத் தோன்றும் மிகப் பழைய இடங்களுள் இஃது ஒன்று.

இந்தக் காட்சியை மனத்திற் கொண்டால், ‘மேலே கொடு’ என்பது ஏன் ‘விட்டுவிடு’ என்றாயிற்று என்பது விளங்கத் தொடங்கும். கீழே இருப்பவன், மேலே இருப்பவனிடம் தன் உடைமையைக் கொடுத்துவிடுகின்றான். கொடுத்த பின் அவன் கையில் ஒன்றும் இல்லை. கோட்டையைக் கொடுத்த சொல், நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, நம்பிக்கையையும் பதவியையும் புகைக்கும் பழக்கத்தையும் விடுவதற்கு உரிய சொல்லாகிவிட்டது.

‘அப்’ என்ற சொல்லின் வாழ்க்கை தனியே எழுதத்தக்கது. மேலே என்னும் பொருளோடு புறப்பட்ட அது, முழுவதும், மிச்சமின்றி என்னும் பொருளிலே வந்து சேர்ந்திருக்கிறது. ‘ஈட்’ என்றால் உண். ‘ஈட் அப்’ என்றால் தட்டில் ஒன்றும் விடாமல் உண். ‘யூஸ் அப்’ என்றால் தீரும்வரை பயன்படுத்து. தமிழிலே ‘விடு’ என்னும் துணைவினை இதற்கு நிகரான தொண்டு செய்கின்றது. ‘உண்டான்’ என்பதற்கும் ‘உண்டுவிட்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுக் குழந்தை அறியும். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் ஒரு வீடு முற்றாக எரிந்துபோனால் அது ‘அப்’ ஆகவும் எரியலாம், ‘டவுன்’ ஆகவும் எரியலாம். சுவாலை மேலே போயிற்று. சுவர் கீழே வந்தது. இரண்டு வழியாலும் வீடு போயிற்று.

1066இல் நோர்மானியர் வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுமொழி வந்து அமர்ந்தது. மடங்களிலும் கல்விக்கூடங்களிலும் இலத்தீன் முன்னமே இருந்தது. இதனால் ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு இரட்டைச் சொற்கள் உண்டாயின. சரணடைதலுக்கு ‘கிவ் அப்’ என்பது குடியானவன் சொல். ‘சரண்டர்’ என்பது அரண்மனைச் சொல். ஒத்திவைத்தலுக்கு ‘புட் ஓவ்’ என்பது ஒன்று. ‘போஸ்ட்போன்’ என்பது இலத்தீன் வழி வந்தது. நம் நாட்டிலே ஆங்கிலத்தை ஏட்டிலிருந்து கற்ற நாம், மேல்மாடியிலுள்ள சொற்களை நன்கறிவோம். அடுக்களைச் சொற்களிலேதான் தடுமாறுகிறோம். ஆங்கிலக் குழந்தைக்கு நேர்மாறு. அதனாற்றான், கனமான அறிக்கையை எளிதாக வாசித்துவிடும் நம் பட்டதாரி ஒருவர், இரண்டு ஆங்கிலேயர் தேநீர் அருந்திக்கொண்டு பேசுவதைப் பின்பற்ற இயலாது திகைக்கின்றார்.

அந்நியர் படும் இந்த இடர்ப்பாட்டை முதன்முதலிற் பரிவோடு உணர்ந்தவர்களுள் ஒருவர் சாமுவேல் ஜோன்சன். 1755இல் வெளிவந்த தமது பேரகராதியின் முன்னுரையிலே, வினையோடு சிறுசொல் கூடிப் பொருள் மாறும் இந்த வகை அயல்நாட்டாருக்கு மிகுந்த தொல்லை தருவதென்று கூறி, இவற்றைத் தாம் மிகுந்த கவனத்தோடு தொகுத்ததாகவும் எழுதினார். பெயர் ஒன்று நிலைபெறுவதற்கோ மேலும் நெடுங்காலம் ஆயிற்று. 1925இல் லோகன் பியர்சல் சிமித் எழுதிய ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ என்ற நூலில் பிரேசல் வேர்ப் என்ற பெயர் வருகிறது. ஒக்ஸ்போர்ட் அகராதியின் ஆசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி அப்பெயரைத் தமக்குச் சொன்னதாக அவர் குறித்துள்ளார்.

பின்னர் நிகழ்ந்த ஒரு முயற்சி, ஆசிரியத் தொழில் புரிவோர் அவசியம் அறியவேண்டியது. 1930இல் சி. கே. ஓக்டன் என்பவர் ‘பேசிக் இங்கிலிஷ்’ என்ற பெயரில் 850 சொற்களே கொண்ட எளிய ஆங்கிலம் ஒன்றை வகுத்தார். அதில் வினைகள் பதினெட்டு மாத்திரமே. 1943இல் சேர்ச்சில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையிலே அதனைப் பாராட்டினார். பதினெட்டு வினைகளால் உலகத்து வினைகளையெல்லாம் எப்படிச் சொல்லுவது? சிறுசொற்களை ஒட்டித்தான். ‘டொலரேட்’ என்ற ஒரு சொல்லை நீக்கிவிட்டு, ‘புட்’, ‘அப்’, ‘வித்’ என்னும் மூன்றையும் சேர்த்துப் பொறுத்துக்கொள் என்று பொருள் கொள்ள வேண்டும். ஆங்கிலேயனுக்கு இஃது எளிது. வெளியாளுக்கோ, ஒரு புதுச்சொல்லைக் கற்பதை விடக் கடினம்; மூன்றையும் தனித்தனியே அறிந்தாலும் பொறுமை அவற்றுள் எங்கே இருக்கிறதென்று தெரியாது. கணக்கிலே 850 என்று காட்டி, கணக்கில் வராத கூட்டங்களை மாணவன் தலையில் ஏற்றியது அத்திட்டம் என்பது என் கருத்து.

இனி, என் மாணவனுடைய கேள்விக்கு வருகின்றேன். சிறுசொல் முன்னே நிற்பது பழைய அமைப்பு. பின்னே நிற்பது புதிய அமைப்பு. இரண்டும் ஒரே காலத்தில் வழங்கத் தொடங்கியபோது, மொழி அவற்றுக்கு வேலையைப் பகிர்ந்து கொடுத்துவிட்டது. ‘அப்செட்’ என்றால் கவிழ்த்தல். ‘செட் அப்’ என்றால் நிறுவுதல். ‘ஓவர்லுக்’ என்பதற்கோ, மேலிருந்து பார்த்தல், மேற்பார்த்தல், வாசித்துப் பார்த்தல் என்பனவே பழைய பொருள்கள். மேலே பார்ப்பவன் கண் கீழேயுள்ளதைத் தாண்டிப் போய்விடுதலும் உண்டல்லவா? அப்படிக் காணாது விடுதல் என்ற பொருளும் உடன் வளர்ந்து, நாளடைவில் மற்றதைத் தள்ளிவிட்டது. ஷேக்ஸ்பியருடைய ‘ஹம்லெட்’ நாடகத்திலே, ஹம்லெட் தன் நண்பன் ஹொரேஷியோவுக்குக் கடிதம் எழுதுகையில், இதனை வாசித்துப் பார்த்த பின்னர் என்னும் பொருளிலேயே ‘ஓவர்லுக்’ என்ற சொல்லை ஆளுகின்றான். என் மாணவனின் விண்ணப்பத்தை ஷேக்ஸ்பியர் பார்த்திருந்தால் குறை கண்டிரார். நானூறு ஆண்டு பிந்தி எழுதியதே அவன் செய்த பிழை.

இதை அவனிடம் சொல்லும் வாய்ப்பு எனக்குப் பின்னர் ஒருநாள் கிடைத்தது. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே, சேர்” என்றான். அன்றைக்கு நான் இதை அறிந்திருக்கவில்லை.

இப்பொழுது நான் கூட்டுவினைகளைப் பட்டியலாக எழுதி ஒப்புவிக்கச் செய்வதில்லை. ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ சொல்லி, அதன் காட்சியை வகுப்பிலே நடித்துக் காட்டச் செய்கின்றேன். ‘கிவ் அப்’ பாடத்தன்று ஆயர்களுடைய கோட்டைக் கதையைச் சொன்னேன். கடைசி வாங்கிலிருந்த பெண் ஒருத்தி எழுந்து, “சேர், எங்கள் தமிழிலும் இப்படித்தானே, காட்டு என்றாலும் கொடு என்றாலும் நல்ல சொற்கள், காட்டிக்கொடு என்றால் ஏன் துரோகம் ஆகிறது?” என்றாள். நான் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் இருந்தவள் விடை சொல்லிவிட்டாள்: “ஒளிந்திருக்கிறவனைக் காட்டி, தேடி வந்தவன் கையில் கொடுக்கிறதுதானே.”