சிறு விமானக் கேபினில் நீர்க்கசிவு

அழுத்தமூட்டப்படாத சிறு விமானங்களில் மழைநீர் கேபினுக்குள் புகுவது பழைய தொல்லை. 1956 முதல் 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டுள்ள செஸ்னா 172 போன்ற மேல்-இறக்கை விமானங்களில் முன்கண்ணாடியின் மேல் விளிம்பு, இறக்கை உடலோடு சேரும் இடம், கூரையில் பொருத்திய ஆன்டெனாக்களின் அடிப்பகுதி ஆகியவற்றின் வழியே நீர் இறங்கும். பைப்பர் செரோக்கி போன்ற கீழ்-இறக்கை விமானங்களில் வலப்பக்கத்து ஒற்றைக் கதவும் பக்கச் சன்னல்களும் வழக்கமான வாயில்கள். கம்பளம் ஈரமானதும் கண்ணில் பட்ட விளிம்பிலெல்லாம் சிலிக்கோன் பூசிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தப் பழக்கம் கைவிடப்பட வேண்டும். ஈரம் தெரியும் இடமே நீர் புகுந்த இடமாக இருப்பது அரிது. புகுந்த இடம் உறுதியாகுமுன் அடைத்தால் கசிவு நிற்பதில்லை. வேறு வழி தேடிக்கொள்கிறது.

இதற்குக் காரணம் விமான உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆன்டெனா அடியில் நுழையும் துளி நேராகக் கீழே விழாது. கூரை உறைக்கு மேலே வயர் கட்டையோ தகட்டின் மடிப்பையோ பற்றிக்கொண்டு ஓடி, கம்பி வளையும் இடத்தில்தான் சொட்டும். விமானம் நிற்கும் சாய்வும் ஓட்டத்தைத் திருப்பும்: வால் சக்கர விமானம் மூக்கைத் தூக்கி நிற்பதால், முன்கண்ணாடியில் புகுந்த நீர் பின்னிருக்கைக்கு அடியில் தேங்கலாம். அக்ரிலிக் கண்ணாடி வெயிலில் அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரியக்கூடியது. அதன் விளிம்பு சட்டத்துக்குள் சற்றே நகர இடம் விட்டிருப்பது அதனால்தான். அங்கே கெட்டியாக இறுகும் பசையைத் திணித்தால் கண்ணாடியே விரிசல் விடக்கூடும். காயும்போது வினிகர் நெடி வீசும் வகைச் சிலிக்கோன் அசெட்டிக் அமிலத்தை வெளிவிட்டு உலோகத்தை அரிக்கும். அதன் படலம் மிஞ்சிய இடத்தில் பெயின்டும் ஒட்டாது, முறையான பாலிசல்பைடு அடைப்பானும் ஒட்டாது. எல்லாவற்றையும்விடக் கேடானது, வயிற்றுப் பகுதியின் வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவது. புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தரைத் தகட்டின் மேலேயே தங்கிவிடும்.

தேடலுக்கு இருவர் வேண்டும். முதலில் கம்பளம், பக்கப் பலகைகள், இயன்றால் கூரை உறை ஆகியவற்றைக் கழற்றி, உள்ளே நன்றாக உலர்த்த வேண்டும். இணைப்புகளின் உட்புறத்தில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவினால், ஒரே ஒரு துளி ஓடினாலும் வெண்மையின் நடுவே கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் நுனிதான் தேடும் இடம். ஒருவர் விளக்கோடு உள்ளே அமர்ந்திருக்க, மற்றவர் வெளியே மெல்லிய நீரோட்டத்தில் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இணைப்பிலும் சில நிமிடம் நிதானித்து நனைத்துக்கொண்டே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் கீழுள்ள எல்லா இணைப்புகளையும் நனைத்துவிடும். எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. வேகத்தையும் உயரத்தையும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாயையும் நிலையழுத்தத் துளைகளையும் பளிச்சென்ற நிறத்தில் மூடி, வேலை முடிந்ததும் எண்ணிப் பார்த்து அகற்றுவது கட்டாயம். 1996 அக்டோபர் 2 அன்று, கழுவும்போது நிலையழுத்தத் துளைகளில் ஒட்டிய டேப் அகற்றப்படாமல் புறப்பட்ட ஏரோபெரு 603 கடலில் விழுந்து 70 பேரும் மாண்டனர். பெரிய விமானம்தான், ஆனால் துளையின் வேலை எதிலும் ஒன்றே.

நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் குழாய் நீரைப் பாய்ச்சுவது பறக்கும்போது அடிக்கும் மழைக்கு ஈடாகுமா என்பது நியாயமான கேள்வி. ஈடாகாது, பறக்கையில் காற்று நீரைக் கண்ணாடியில் கீழிருந்து மேலே தள்ளும், தரையில் ஒழுகாத இடுக்கும் அப்போது ஒழுகும். அதற்குத்தான் இரண்டாவது சோதனை: ஊதுகருவியால் கேபினுக்குள் மிக மென்மையாகக் காற்றேற்றி, வெளியே சோப்பு நீர் தடவினால், துளையிருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். நீர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் துளை ஒன்றுதானே.

உறை போட்டு மூடினால் போதாதா, நாலு துளியால் என்ன கெடும் என்ற வாதங்களும் உண்டு. உறை உதவும்; ஆனால் அடியில் ஏற்கெனவே ஊறிய காப்புப் பஞ்சை அது உலர்த்தாது. நாலு துளிக்கு விடை அலுமினியத்தின் அரிப்பில் இருக்கிறது. 2019 மே 26 அன்று ஆஸ்திரேலியாவின் மவுன்ட் ஐசா அருகே ஒரு செஸ்னா டி210எம் இறக்கை பிய்ந்து விழுந்து இருவர் இறந்தனர். இரு இறக்கைகளையும் கேபின் கூரை வழியே தாங்கும் குறுக்குச் சட்டத்தில், சிறியதோர் அரிப்புக் குழியிலிருந்து களைப்பு விரிசல் தொடங்கியதாக அந்நாட்டு விசாரணை அமைப்பு கண்டது. அந்தக் குழியை மழைக்கசிவுதான் உண்டாக்கியது என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. கண்ணுக்கு எளிதில் தென்படாத குழி எவ்வளவு சுமை தாங்கும் உறுப்பை முறிக்கும் என்பதற்கு மட்டும் இது சான்று. ஆகவே கசிவு கண்டறியப்பட்ட பின்னும், ஈரம் ஓடிய வழி முழுவதையும் திறந்து, ஊறிய பஞ்சையும் நுரையையும் அகற்றி, தகட்டையும் ஆணி வரிசையையும் சோதித்து, அதற்குப் பிறகே அடைப்பானைப் பூச வேண்டும். அது இறுகியதும் அதே இணைப்பில் மறுபடி நீர் விட்டுப் பார்க்க வேண்டும்.