காக்கைக் கூட்டுக்கும் வரலாறு உண்டு

நகர வரலாறு என்றதும் நமக்குக் கோட்டையும் கல்வெட்டுமே நினைவுக்கு வருகின்றன. தெருமுனை வேம்பில் கூடு கட்டும் காக்கைக்கும் அதில் இடமுண்டென்று நாம் எண்ணுவதில்லை.

அப்படி எண்ணிய ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியைத் தாம் மறையும்வரை எழுதினார். யானைகளைத் தேடிக் காடுகளில் அலைந்தவர், அதே அக்கறையுடன் தம் வீட்டைச் சுற்றியிருந்த அணிலையும் காக்கையையும் கவனித்தார். தமிழிலும் எழுதினார்.

நகரத்துக் காக்கைக் கூட்டை இன்று அண்ணாந்து பார்த்தால், சுள்ளிகளுக்கிடையே கம்பித் துண்டுகளும் தென்படும். நகரம் மாறியதற்குக் கூடும் ஒரு சான்றுதான். குயில் முட்டையிடுவதும் அக்கூட்டில்தான். ஆகவே மரம் வீழ்ந்தால் இழப்பு காக்கைக்கு மட்டுமன்று.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. அடுத்த கோடையில் கூடு கட்ட வந்த பறவைகள் எங்கே போயின என்று நம்மில் எத்தனை பேர் குறித்துவைத்தோம்?

வாசலில் நிற்பது என்ன மரம், அதில் எந்தப் பறவை, என்றைக்குக் கூடு கட்டியது: இவ்வளவையேனும் நாம் எழுதிவைக்கலாம்.