சுக்கான் சுற்றுவதால் வந்த பெயரா?

சுக்கான் என்பது ‘சுற்று’ என்னும் அடியில் முளைத்த தனித்தமிழ்ச் சொல் என்று சாதிப்போர் உண்டு. கார் ஓட்டுபவர் கையில் அது வட்டமாகச் சுற்றுகிறதே, வேறு சான்று எதற்கு என்பது அவர்கள் துணிபு. சொல்லை ஆராய்பவர் அது குறிக்கும் பொருளையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

கப்பலில் சக்கரம் வைத்துத் திருப்பும் வழக்கமே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்குமுன் சுக்கான் வெறும் பலகை. அதைத் தள்ள ஒரு தண்டு. காரும் அப்படியே. 1886இல் பென்ஸ் செய்த மூன்றுசக்கர வண்டியில் இருந்தது கைப்பிடித் தண்டு. 1894 பாரிஸ்–ருவான் ஓட்டத்துக்கு வஷெரோன் என்பவர் தம் பானார் வண்டியில் வட்டச் சக்கரம் பூட்டி வந்தது அன்று புதுமை. வட்டமே இல்லாத காலத்துப் பொருளுக்குச் சுற்றுவதால் பெயர் வந்தது எப்படி? ‘ற்ற’ இங்கே ‘க்க’ ஆனதற்கு இலக்கணமும் அவர்கள் காட்டவில்லை.

தெலுங்கில் சுக்கானி, கன்னடத்தில் சுக்காணி, மராத்தியில் சுகாணூ, குஜராத்தியில் சுகான். கடல் கடந்து சுவாஹிலியில் உசுகானி. இன்று அங்கே அது கார் ஸ்டியரிங்குக்கும் பெயர். அரபுக் கப்பல் போன கரையெல்லாம் இச்சொல் இருக்கிறது. மூலம் அரபு ‘சுக்கான்’. மாலுமியும் அரபு ‘முஅல்லிம்’ வழி வந்தவர்தான்; நங்கூரம் பாரசீக ‘லங்கர்’. நம் பழைய ஆள் அகநானூறு 255ஆம் பாட்டின் நீகான். மாடத்து விளக்கொளியைக் குறிவைத்துக் கலம் செலுத்தியவன். சுக்கான்கல்லை இதோடு முடிச்சுப் போடுவோருக்கு ஒரு வரி போதும்: அது சுண்ணாம்புக்கல், வேறு சொல்.

அரபு அகராதியான ‘லிசானுல் அரப்’ சுக்கானை ‘சகன’ என்னும் வினையோடு சேர்க்கிறது. அசைவற்று அமைதல் என்று பொருள். கலத்தை அலைக்கழியாமல் நிறுத்துவதால் அப்பெயர். அக்காதியத்தில் ‘சிக்கன்னு’ முன்பே இருந்தது, ஆகவே இது பிற்காலப் பொருத்தம் என்று மறுப்பர். அந்த மறுப்பைத் தள்ள முடியாது. பொருளின் வரலாறு சொல்லின் பிறப்பை நிறுவாது; ஆனால் அகராதிக்காரர் சொன்ன வேலை அதில் தெரிகிறது.

தொடக்ககாலச் சொகுசுக் கார்களைப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்த சக்கரத்தின் அடி சீமான் கையை உதறக் கூடாது என்பதே பொறியாளர் கவலை. எனவே தண்டின் அடியில் திருகுப் பல்லமைப்பு வைத்தார்கள். ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்டில் திருகும் நட்டும். திருகின் சரிவைக் குறைத்தால் கை சக்கரத்தைத் திருப்பும், சக்கரம் கையைத் திருப்பாது. கை அசையாது, ஆனால் அப்படிப் பூட்டிக்கொள்ளும் திருகில் கை கொடுக்கும் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்விலேயே கரைந்துபோகும். வளைவு முடிந்தபின் சக்கரம் தானாக நேராவதும் இல்லை. 1920களில் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்கள் வந்ததும் இந்தக் குறை தோள்வலியாகவே ஆயிற்று.

தீர்வு, தேய்வதை உருள வைப்பது. மார்லஸ் அமைப்பில் திருகின்மேல் உருளை ஓடியது. 1940 கெடிலாக்கில் திருகுக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் சுழன்று வந்தன. பிரான்சிஸ் டேவிஸ் 1926இலேயே பியர்ஸ்-ஆரோ காரில் எண்ணெய் அழுத்தத்தைத் துணைக்கு அழைத்துவிட்டார். கடைக்கு வந்தது 1951 கிரைஸ்லர் இம்பீரியலில். இத்தனைக்கும் பிறகு, கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் விசை எளிதாகப் போகவும், சக்கரத்திலிருந்து கைக்கு வருவது மட்டுப்படவுமே பல்லமைப்பை வடித்தார்கள். அலைக்கழிவை அடக்கும் வேலையை யாரும் கைவிடவில்லை.

‘திசைமாற்றி’ என்று கலைச்சொல் ஆக்கியோர் பாதி வேலையைத்தான் சொன்னார்கள். நிறுத்துவதும் அதன் வேலை. சுக்கான் நமக்கு அரபு வழி வந்த சொல்; எனக்கு இதில் ஐயமில்லை. எனக்கு இதில் ஐயமில்லை.