ஏலமும் தாரும்: ஒரு இலக்கத் தகட்டின் கதை

2023 ஏப்ரலில் டுபாயில் ஒரு ஏலம் நடந்தது. விலை கூறப்பட்டது காணியோ காரோ இல்லை. 'பி 7' என்ற வாகன இலக்கம். அது ஐந்தரைக் கோடி திர்ஹாமுக்குப் போனது. அமெரிக்க டொலரில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. அதற்கு முன், 2008இல், பக்கத்து அபுதாபியில் '1' என்ற ஒற்றை இலக்கத்தை ஒருவர் 5 கோடியே 22 லட்சம் திர்ஹாமுக்கு எடுத்திருந்தார்.

"காசு கூடின விசர்" எண்டு சிரித்துவிட்டுப் போகலாம். நானும் முதலில் அப்பிடித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு தகரத் துண்டுக்கு இவ்வளவு பெறுமதி எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால், அந்தப் பாதை கடைசியில் எங்கட வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது.

இலக்கத் தகடு பெருமைக்காகப் பிறந்த பொருள் இல்லை, பிடிப்பதற்காகப் பிறந்தது. 1893இல் பாரிஸ் பொலிஸ், மோட்டார் வண்டி வைத்திருப்பவர் தன் பெயர், விலாசம், அனுமதி இலக்கம் எல்லாவற்றையும் ஒரு உலோகத் தகட்டில் எழுதி வண்டியில் பொருத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. இடித்துவிட்டு ஓடினால் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே! பிரித்தானியா 1903இல் மோட்டார் கார் சட்டம் கொண்டுவந்தது. 1904 ஜனவரி 1 முதல் எல்லா வாகனங்களுக்கும் இலக்கம் கட்டாயம். கார் வைத்திருந்த பணக்காரர் கனபேருக்கு இது பிடிக்கவில்லை. வாடகை வண்டிக்குப் போடுவது போல எங்களுக்கும் நம்பரா என்ற கோபம்.

ஆனால் அந்தக் கோபம் கனகாலம் நிற்கவில்லை. லண்டனுக்குக் கிடைத்த எழுத்து 'ஏ'. அதன் முதல் இலக்கமான 'ஏ 1'ஐ எடுத்தவர் ரசல் பிரபு, தத்துவவாதி பேட்ரண்ட் ரசலின் அண்ணன். அதற்காக அவர் இரவிரவாக வரிசையில் நின்றார் என்று ஒரு கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, ஆளைப் பிடிக்கச் செய்த தகடு முதல் நாளிலேயே ஆளைக் காட்டும் தகடாகிவிட்டது.

பிறகு பல பத்தாண்டுகளாக நல்ல இலக்கங்களை ஆட்கள் தங்களுக்குள்ளே கைமாற்றினார்கள், தரகர்கள் உழைத்தார்கள். 1989இல் பிரித்தானிய அரசு விழித்துக்கொண்டது. எழுத்தும் இலக்கமும் என்னுடையது, விற்கிற காசு மட்டும் ஏன் தரகருக்கு? அந்த ஆண்டில் இருந்து வாகனப் பதிவுத் திணைக்களமே இலக்கங்களை ஏலம் விடத் தொடங்கியது. 2014இல் '25 ஓ' என்ற இலக்கம் வரியும் கட்டணமும் சேர்த்து 5 லட்சத்து 18 ஆயிரம் பவுணுக்குப் போனது. வாங்கியவர் ஃபெராரி கார் வியாபாரி. ஃபெராரியின் புகழ்பெற்ற மொடல் ஒன்றின் பெயர் 250. 'ஓ' எழுத்தைச் சுழியமாக வாசித்துப் பாருங்கோ, விளங்கும்.

ஹொங்கொங்கில் இந்த வியாபாரத்தை அரசு 1973இலேயே கையில் எடுத்துவிட்டது. அங்கே ஏலத்தில் வருகிற வருமானம் சமூக நலத் திட்டங்களுக்கான ஒரு நிதியத்துக்குப் போகிறது. விசேட இலக்கத்தை வாங்கியவர் அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது, அதாவது வாங்கி விற்று லாபம் பார்க்க ஏலாது. வரி கட்டச் சொன்னால் ஆயிரம் வழி தேடுகிற பணக்காரர், ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுக் கட்டுகிற ஒரே வரி இதுதான் போல.

ஹொங்கொங் இலக்கங்களின் விலை கன்டனீஸ் மொழியின் ஓசையில் இருக்கிறது. 8 என்பதன் ஓசை செழித்து வளர்வதைக் குறிக்கும் சொல்லுக்குக் கிட்ட வரும். 2இன் ஓசை 'இலகு' என்ற சொல்லோடு ஒத்துப்போகும். ஆக 28 என்றால் 'இலகுவாகச் செழிப்பாய்'. அந்த இலக்கம் 2016 சீனப் புத்தாண்டுக் காலத்தில் 1 கோடியே 81 லட்சம் ஹொங்கொங் டொலருக்குப் போனது. 1994இல் 9 என்ற இலக்கம் 1 கோடியே 30 லட்சத்துக்குப் போனது. 9இன் ஓசையில் 'நீண்டகாலம்' இருக்கிறது, 'நாய்' என்ற சொல்லும் இருக்கிறது. அந்த வருசம் நாய் வருசம். 4இன் ஓசையோ சாவை நினைவூட்டும், அதனால் அதைக் கண்டால் ஆட்கள் விலகிப் போவார்கள்.

2006இல் ஹொங்கொங் இன்னொரு படி போனது. நீங்களே எழுத்தையும் எண்ணையும் கோர்த்து ஒரு பெயர் கேட்கலாம், அரசு அதை ஏலத்தில் விடும். 'ஐ லவ் யூ' என்று வாசிக்கிற ஒரு தகடு அந்த ஆண்டில் 14 லட்சம் ஹொங்கொங் டொலருக்குப் போனது. ஆங்கில 'ஐ', 'ஓ' எழுத்துகளுக்கு அனுமதி இல்லாதபடியால் அவற்றின் இடத்தில் 1ம் 0ம் இருந்தன.

இந்த இடத்தில்தான் நான் நின்றேன். உன் விருப்பப்படி எழுது என்று அரசு சொல்கிறது. ஆனால் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும்தான் எழுதலாம். ஹொங்கொங் சனத்தில் பெரும்பாலானவர்கள் சீன எழுத்தில் வாசிக்கிறவர்கள். எவ்வளவு கோடி கொடுத்தாலும் தன் பெயரைத் தன் எழுத்தில் அந்தத் தகட்டில் போட முடியாது. அதனால்தான் வாழ்த்துகள் எல்லாம் இலக்கத்தின் ஓசைக்குள் ஒளிந்திருக்கின்றன. எந்த எழுத்தில் எழுதுவது என்ற முடிவு ஏலத்துக்கு வருவதில்லை. அது அரசின் கையிலேயே இருக்கும்.

இதைக் காசாலே இல்லாமல் உடம்பாலே தெரிந்துகொண்ட ஒரு இடம் இருக்கிறது. அது எங்கட நாடு.

இலங்கையில் 1957 வரைக்கும் காரின் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அடுத்த ஜனவரியில் இருந்து புதிதாகப் பதிவாகும் வாகனங்களில் அந்த இடத்துக்குச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. கவனியுங்கோ, 'ஸ்ரீ' என்ற சொல் இரண்டு மொழியிலும் உண்டு. ஓசை ஒன்று, பொருள் ஒன்று, வந்த வழியும் ஒன்று. எழுத்து மட்டும்தான் வேறு. அந்த எழுத்துத்தான் பிரச்சினை. நீ வாங்கிய கார், நீ கட்டிய வரி, ஆனால் அதன் நெற்றியில் உன் மொழி இருக்காது என்றுதான் தமிழர்கள் அதை வாசித்தார்கள்.

தமிழரசுக் கட்சி சிறி எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. ஆட்கள் தகட்டில் தமிழ் 'ஸ்ரீ'யை எழுதிக்கொண்டு வீதியில் இறங்கினார்கள். 1957 ஜூலையில் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் வந்தபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனால் 1958 மார்ச்சில், புதிதாக உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் சிங்கள சிறியோடு வடக்குக்கு வந்தன. திரும்பவும் தார்ச் சட்டியும் தூரிகையும் வெளியே வந்தன. தெற்கில் அதற்குப் பதிலாகத் தமிழ் எழுத்திருந்த பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9ஆம் தேதி ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம்.

ஒரு எழுத்தால் மட்டும் கலவரம் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சட்டம், குடியேற்றம், வேலைவாய்ப்பு, ஒப்பந்தத்துக்கு எதிரான அரசியல் என்று அதற்குப் பின்னால் கனக்க இருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்தை எல்லோரும் வாசிப்பதில்லை. பஸ்ஸின் முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அரசு யாருடையது என்ற கேள்விக்கு அந்தத் தகடு நாளாந்தம் ஒரு பதில் சொல்லிக்கொண்டு ஓடியது.

சிறி பல பத்தாண்டுகள் நீடித்தது. பிறகு வெறும் எண்களில் ஒரு வரிசை வந்தது, இப்போது ஆங்கில எழுத்துகள். சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. சண்டை தீர்ந்ததால் இப்படி ஆனதா, இல்லை இரண்டு எழுத்தையும் சமமாக வைக்க மனமில்லாமல் மூன்றாவது எழுத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டோமா என்று எனக்கு இன்னும் கேள்வி உண்டு. ஹொங்கொங் தகட்டைப் பார்க்கும்போதும் அதே கேள்விதான் வருகிறது.

யாழ்ப்பாணத்தில் இன்னும் பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்கள் ஓடுகின்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்கள் என்று வீட்டில் பெரியாக்கள் கதை கதையாகச் சொல்லுவினம். அடுத்த முறை ஒன்றைக் கண்டால் தகட்டைப் பாருங்கோ. ஆங்கில எழுத்து இரண்டு இருந்தால் அந்தக் கார் 1957க்கு முந்தியது. சிங்கள சிறி இருந்தால் பிந்தியது. எங்கட ஆட்கள் தார் பூசிய அதே எழுத்தைச் சுமந்துகொண்டுதான் அந்தக் கார்களில் சில எங்களை யுத்தத்துக்குள்ளால் ஏற்றிச் சென்றன. படம் எடுத்துப் போடுகிறவர்கள், தகட்டை வெட்டி விடாமல் போடுங்கோ.