பிராவிடன்ட் மருத்துவமனை: நட்டக் கணக்கு யாருடையது?

ஏழைகளுக்கான ஒரு மருத்துவமனை மூடப்படும்போதெல்லாம் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: நட்டம். அந்த நட்டம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சிகாகோவில் கறுப்பின மக்கள் கட்டியெழுப்பிய பிராவிடன்ட் மருத்துவமனையின் வரலாறு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது.

எம்மா ரெனால்ட்ஸ் செவிலியராக விரும்பினார். கறுப்பினப் பெண் என்பதால் சிகாகோவின் செவிலியர் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. போதகரான அவருடைய சகோதரர், கறுப்பின மருத்துவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸிடம் உதவி கேட்டார். ஒரு பெண்ணுக்கு இடம் வாங்கிக் கொடுப்பதோடு வில்லியம்ஸ் நின்றிருக்கலாம். அவரோ ஒரு மருத்துவமனையையே தொடங்க முடிவு செய்தார். 1891-ல் 12 படுக்கைகளோடு பிராவிடன்ட் திறக்கப்பட்டது. கூடவே செவிலியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. அதன் முதல் அணியில் எம்மாவும் படித்தார்.

கறுப்பினத் திருச்சபைகளும் குடும்பங்களும் நிதி திரட்டின. வெள்ளைச் செல்வந்தர்கள் சிலரும் கொடுத்தார்கள். இரு இனத்து மருத்துவர்களும் அங்கே பணியாற்றினார்கள். நோயாளிகளிடமும் நிறம் பார்க்கப்படவில்லை. 1893-ல் மார்பில் கத்திக்குத்துப் பட்ட ஜேம்ஸ் கார்னிஷ் என்பவருக்கு வில்லியம்ஸ் நெஞ்சைத் திறந்து, இதய உறையைத் தைத்து உயிர் காத்தார். இதய அறுவைச் சிகிச்சையின் தொடக்க கால வெற்றிகளில் ஒன்று, இப்படி நன்கொடையில் நடந்த ஒரு சிறு மருத்துவமனையில் நிகழ்ந்தது.

1964-ல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. 1965-ல் முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்டு என்ற அரசுத் திட்டங்கள் நிறைவேறின. மெடிகேர் பணம் வேண்டுமானால் இனம் பிரித்து ஒதுக்கக் கூடாது என்று அரசு நிபந்தனை விதித்தது. அதுவரை மூடியிருந்த மருத்துவமனைகளின் கதவுகள் திறந்தன. அது போராடிப் பெற்ற வெற்றி. ஆனால் அதன் செலவில் ஒரு பங்கு பிராவிடன்ட் போன்ற மருத்துவமனைகளின் தலையில் விழுந்தது.

காப்பீடு உள்ள கறுப்பின நோயாளிகள் வசதி மிகுந்த பெரிய மருத்துவமனைகளுக்குப் போனார்கள். கறுப்பின மருத்துவர்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பிராவிடன்டில் மிஞ்சியவர்கள் காப்பீடே இல்லாதவர்களும் மெடிகெய்டை நம்பியவர்களும். மெடிகெய்டு கொடுத்த தொகை பல நேரங்களில் சிகிச்சையின் செலவுக்கே போதவில்லை. காசுள்ள நோயாளி தரும் வருமானத்தைக் கொண்டுதான் பல மருத்துவமனைகள் காசில்லாதவரின் செலவை ஈடுகட்டும். அந்த வருமானம் போன பிறகு, புதிய கட்டடத்தின் கடன் சுமையும் சேர்ந்து கழுத்தை நெரித்தது. 1987-ல் பிராவிடன்ட் மூடப்பட்டது.

அப்பகுதி மக்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. 1993-ல் குக் கவுன்ட்டி நிர்வாகம் அதைப் பொது மருத்துவமனையாக மீண்டும் திறந்தது. மூடியபோது இருந்த அதே ஏழை நோயாளிகள்தான் திறந்தபோதும் வந்தார்கள். மாறியது, செலவை யார் ஏற்பது என்பது மட்டுமே.

ஒதுக்கப்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் இடத்தை, பணக்கார மருத்துவமனைக்கு வைத்திருக்கும் அதே லாப நட்டக் கணக்கால் அளப்பது அநீதி. அதன் நட்டம் என்பது மற்றவர்கள் ஏற்க மறுத்த நோயாளிகளின் செலவு. சேரியிலும் மலைக்கிராமத்திலும் மக்கள் நடத்தும் மருத்துவமனைகளுக்கு நாம் நிதி கேட்கும்போது பிச்சை கேட்கவில்லை. அரசு செய்திருக்க வேண்டிய வேலையை அவை செய்கின்றன. அதற்கான செலவைத்தான் கேட்கிறோம்.